ரேடியேஷன் சர்டிபிகேட் எடுக்கும் லேப்: மாங்கூழ், புளி, கேழ்வரகு மாவு கொடுத்துப் பார்த்ததில் தேறியதும் தேறாததும்

பிரிக்ஸ் என்ற இனிப்பு அளவு, அமிலத்தன்மை, பூச்சிமருந்து எச்சம் என எல்லா ரிப்போர்ட்டும் ஃபைலில் தயாராக இருக்கும். கன்டெய்னர் ஏற்ற நாலு நாள் பாக்கி இருக்கும்போது சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டியிடமிருந்து மெயில் வரும்: ரேடியேஷன் சர்டிபிகேட்டும் வேண்டும். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு இது பழகிப்போன தலைவலி. செர்னோபில் வெடித்தது 1986 ஏப்ரலில், புகுஷிமா 2011 மார்ச்சில். நம் தோத்தாபுரி மாம்பழத்துக்கும் அந்த அணு உலை விபத்துகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இறக்குமதி ஆவணப் பட்டியலில் அப்போது ஏறிய ‘ரேடியேஷன் சர்டிபிகேட்’ என்ற வரி பல இடங்களில் இன்னும் இறங்கவில்லை.

இங்கே எடைபோடுவது கிருஷ்ணகிரியிலிருந்து ரோட்டு வழியே இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு தனியார் லேபின் சேவையை. குறைகளும் வரப்போவதால் பெயர் வேண்டாம். தோத்தாபுரி மாங்கூழ், தர்மபுரிப் பக்கத்துப் புளி, கேழ்வரகு மாவு என மூன்று சாம்பிள் கொடுக்கப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால் கருவி நல்ல கருவி, அதை ஓட்டுபவருக்கும் வேலை தெரியும். காகித வேலைதான் சுமார். மூன்று ரிப்போர்ட்டில் ஒன்றைத் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தவறு எப்படிப் பிடிபட்டது என்பது இந்தச் சேவையை வாங்கும் எல்லோருக்கும் உதவும்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். உணவைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பதப்படுத்துவது வேறு, உணவில் கதிரியக்கப் பொருள் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது வேறு. அமெரிக்காவுக்குப் போகும் மாம்பழத்துக்கு 2007 முதல் கோபால்ட்-60 காமாக் கதிர் காட்டுகிறார்கள், குறைந்தபட்சம் 400 கிரே (உள்வாங்கும் கதிரின் அளவு). அது பழத்துக்குள் இருக்கும் பூச்சிக்காக. அந்தப் பழம் கதிரியக்கம் உள்ளதாக மாறிவிடாது. சில பார்ட்டிகள் ‘நான்-இர்ரேடியேட்டட்’ (கதிர் காட்டப்படாதது) சர்டிபிகேட்டை மனதில் வைத்துக்கொண்டு ரேடியேஷன் சர்டிபிகேட் என்று எழுதுவார்கள். பணம் கட்டுவதற்கு முன் எது வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. கலந்திருக்கும் கதிரியக்கத்தை அளந்து தரும் சர்டிபிகேட்தான் வேண்டும் என்றால் எந்த நியூக்லைடு (கதிரியக்க அணு வகை), எந்த வரம்பு என்பதையும் அதே மெயிலில் வாங்கிவிட வேண்டும்.

வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான் 2012 ஏப்ரல் முதல் பொது உணவுக்கு சீசியம்-134, சீசியம்-137 இரண்டும் சேர்த்துக் கிலோவுக்கு 100 பெக்கரல் என்று வைத்திருக்கிறது. பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50. செர்னோபிலை ஒட்டி ஐரோப்பிய ஒன்றியம் வைத்தது 600. பால், குழந்தை உணவுக்கு 370. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிகாட்டி அளவு சீசியத்துக்கு 1,000, அயோடின்-131, ஸ்ட்ரான்சியம்-90 அடங்கிய குழுவுக்கு 100. ஒரு பெக்கரல் என்றால் விநாடிக்கு ஓர் அணு சிதைகிறது, அவ்வளவுதான்.

இந்த லேபில் இருப்பது உயர்தூய ஜெர்மானியம் டிடெக்டர். சுற்றிலும் 10 சென்டிமீட்டர் ஈயச் சுவர், உள்பக்கம் செம்புத் தகடு. மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனால் குளிரூட்டித்தான் ஓட்ட முடியும். வாராவாரம் நைட்ரஜன் ஊற்ற வேண்டும். ஊற்றத் தவறி டிடெக்டர் சூடாகிவிட்டால் மறுபடி குளிரவைத்து, அளவுத்திருத்தம் சரிபார்த்து எடுக்க ஒன்றிரண்டு நாள் போய்விடும். ஆகவே சாம்பிளைக் கூரியரில் போடும் முன் போன் போட்டு “டிடெக்டர் ஓடுதுங்களா?” என்று கேட்பதில் தப்பே இல்லை. இவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். அதற்கு ஒரு நல்ல மதிப்பெண்.

சாம்பிள் போய் உட்காருவது மாரினெல்லி பீக்கர் என்ற பிளாஸ்டிக் பாத்திரத்தில். அடிப்பக்கம் உள்ளே குழிந்திருக்கும்; டிடெக்டருக்குத் தொப்பி மாட்டியது போலக் கவிழ்ந்து உட்காரும். கொள்ளளவு ஒரு லிட்டர். மாங்கூழ் என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். கூழில் காற்றுக்குமிழி இல்லாமல், கோடு வரை சரியாக நிரப்ப வேண்டும். கோட்டுக்கு மேலேயோ கீழேயோ போனால் டிடெக்டரைச் சுற்றியுள்ள வடிவம் மாறும், அளவுத்திருத்தம் பொருந்தாது.

பீக்கரை வைத்த பிறகு எவ்வளவு நேரம் எண்ணுகிறார்கள் என்பதில்தான் காசு இருக்கிறது. ரிப்போர்ட்டில் பி.டி.எல். என்று மூன்றெழுத்து வரும், அதாவது கண்டறியும் எல்லைக்குக் கீழே. எந்த எல்லை? அந்த எண் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த மூன்றெழுத்துக்கு அர்த்தமே கிடையாது. அந்த எண்ணுக்கு, அதாவது கருவியால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு, லேப் மொழியில் எம்.டி.ஏ. என்று பெயர். கணக்கு கஷ்டமில்லை. சீசியம்-137 காட்டும் காமாக் கதிர் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடத்தில் விழும். நூறு சிதைவில் 85 தடவை அந்தக் கதிர் வரும். டிடெக்டர் அதில் 2 சதவீதத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அதே இடத்தில் பின்னணியாக 80 கவுன்ட் (கருவி எண்ணும் கதிர்கள்) விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வழக்கமான சூத்திரப்படி 80-க்கு வர்க்கமூலம் எடுத்து 4.65-ஆல் பெருக்கி 2.71 கூட்டினால் 44 கவுன்ட். அதை 3,600 விநாடி, 0.85, 0.02, 1.05 கிலோ எல்லாவற்றாலும் வகுத்தால் கிலோவுக்கு 0.7 பெக்கரல் வரும். இதுதான் எம்.டி.ஏ. நேரத்தை நாலு மடங்காக்கினால்தான் இது ஏறக்குறைய பாதியாகும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்வது? 600 வரம்புக்கு ஒரு மணி நேரமே தாராளம். 5 நிமிடம் எண்ணினாலும் இதே கணக்கில் எம்.டி.ஏ. 3-க்குள் நிற்கும். ஆகவே ‘24 மணி நேர ஸ்பெஷல் டெஸ்ட்’ என்று கூடுதல் கட்டணம் கேட்டால், பார்ட்டியின் வரம்பு என்ன என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். குழந்தை உணவு செய்யும் கம்பெனிகள் சில ஒரு பெக்கரலுக்கும் கீழே கேட்கும். அவர்களுக்கு நீண்ட நேரம் எண்ணத்தான் வேண்டும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. இந்த லேப் 3,600 விநாடி எண்ணி, அந்த நேரத்தையும் எம்.டி.ஏ.வையும் அச்சிட்டே தருகிறது. இதைச் செய்யாத லேப் சர்டிபிகேட்டை எவ்வளவு மொத்தமான தாளில் அடித்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி அந்தத் தவறு. பொட்டாசியம் இருக்கும் எல்லாப் பொருளிலும் பொட்டாசியம்-40 என்ற இயற்கைக் கதிரியக்கம் இருக்கும். ஒரு கிராம் பொட்டாசியத்துக்குச் சுமார் 31 பெக்கரல். உலகத்தில் எங்கே எடுத்தாலும் இதே விகிதம். மாங்கூழில் 100 கிராமுக்கு 170 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம், எனவே கிலோவுக்கு 50 பெக்கரல் பக்கம் வர வேண்டும். கேழ்வரகில் 400 மில்லிகிராம் அளவில், 125 பக்கம். புளியில் 600-க்கு மேல், 190 பக்கம். இதற்கு வரம்பு எதுவும் கிடையாது, சர்டிபிகேட்டிலும் வராது. ஆனால் 1,461 கிலோ எலக்ட்ரான்வோல்ட் இடத்தில் அதே ஸ்பெக்ட்ரத்தில் (எந்த ஆற்றலில் எத்தனை கவுன்ட் என்ற வரைபடம்) தானாகவே பதிவாகியிருக்கும். கேட்டால் கொடுக்க வேண்டும்.

கேட்டு வாங்கியதில் மாங்கூழும் கேழ்வரகும் கணக்கோடு ஒத்துப்போயின. புளியில் வந்தது பாதிதான். கட்டியான புளியை மாரினெல்லி பீக்கரில் அப்படியே அடைக்க முடியாது, இடைவெளி விழும். கொட்டை, நார், கோது நீக்கி, சம எடைத் தண்ணீர் விட்டுக் கரைத்து நிரப்பியிருக்கிறார்கள். முறை சரியானதுதான். கடைசியில் இரண்டால் பெருக்க மறந்துவிட்டார்கள். சீசியம் எம்.டி.ஏ.வும் அதே கணக்கில் பாதியாகவே அச்சாகியிருந்தது, அதாவது உண்மையில் இருப்பதைவிட நன்றாக. சீசியம் வரியை மட்டும் படித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னதும் மறுநாளே திருத்திய ரிப்போர்ட் வந்தது, திருத்தம் என்று குறிப்பிட்டு, பழைய எண்ணைச் சுட்டி, கட்டணம் இல்லாமல். ஒப்புக்கொண்ட விதம் நன்று. ஆனால் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை என்பதும் இதில் தெரிகிறது.

ஆகவே எந்த லேபாக இருந்தாலும் பொட்டாசியம்-40 எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். “அதெல்லாம் எங்க மெஷின்ல காட்டாது” என்று பதில் வந்தால் சாம்பிளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். மாம்பழத்தில் 50 பெக்கரலைக் காணாத கருவி சீசியத்தில் 5 பெக்கரலைக் கண்டுவிடுமா?

கேழ்வரகு மாவில் வேறொரு நுணுக்கம். ஒரு லிட்டர் பீக்கரில் மாவு 600, 700 கிராம்தான் பிடிக்கும். கணக்கில் வகுப்பது எடையால் என்பதால் அதே நேரம் எண்ணினாலும் மாவின் எம்.டி.ஏ. கூழைவிடக் கூடுதலாகத்தான் வரும். மூன்று பொருளுக்கும் ஒரே எண் அச்சடித்திருந்தால் ரிப்போர்ட்டை டெம்ப்ளேட்டில் போட்டு எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே தனித்தனியாக இருந்தது. மாவைத் தட்டித்தட்டி நிரப்பி எடை எழுதியிருந்தார்கள்.

ஜெர்மானியம் இல்லாமல் சோடியம் அயோடைடு படிகம் வைத்து மலிவாகச் செய்து தரும் இடங்களும் உண்டு. மாங்கூழுக்கு, 600 வரம்புக்கு, அது போதும். புளி, மஞ்சள், மல்லி மாதிரி களத்து மண் ஒட்டிய சரக்குக்கு வேண்டாம். நம் பக்கம் கிரானைட் பூமி. மண்ணில் யுரேனியம், தோரியம் வழிவந்த இயற்கை நியூக்லைடுகள் இருக்கும். அதில் பிஸ்மத்-214 காட்டும் கோடு 609, சீசியம்-134 காட்டும் கோடு 605. ஜெர்மானியத்துக்கு இரண்டும் தனித்தனி ஊசிகள். சோடியம் அயோடைடில் ஒரு சிகரமே 40 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் அகலம், இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். மென்பொருள் அதற்கு சீசியம்-134 என்று பெயர் எழுதிவிடும்; கன்டெய்னர் நின்றுவிடும்.

அப்படி ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்தால் பதற வேண்டாம். சீசியம்-134 உண்மையிலேயே இருந்தால் 796-லும் சிகரம் இருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லாமல் 1,120-லும் 1,764-லும் இருந்தால் அது பிஸ்மத், அதாவது மண். இன்னொரு வழியும் உண்டு. புகுஷிமாவில் இரண்டு சீசியமும் ஏறக்குறைய சமமாகவே வெளியேறின. சீசியம்-134-இன் அரை ஆயுள் 2 ஆண்டு, 137-க்கு 30 ஆண்டு. பத்தாண்டு போனதுமே 137 இருபது மடங்குக்கு மேல் மிஞ்சி நிற்கும். ஆகவே 134 இருக்கிறது, 137 இல்லை என்று சொல்லும் ரிப்போர்ட் பழைய கசிவைக் காட்டவில்லை, கருவியின் குழப்பத்தைக் காட்டுகிறது. சாம்பிளை ஜெர்மானியத்தில் மறுபடி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்ட்ரான்சியம்-90 விஷயத்தில்தான் சந்தை ஏமாற்றுகிறது. அது பீட்டா மட்டும் வீசும், காமா இல்லை. மேலே சொன்ன எந்தக் கருவியாலும் அதை நேரடியாகப் பார்க்க முடியாது. சாம்பிளைச் சாம்பலாக்கி, ரசாயன முறையில் ஸ்ட்ரான்சியத்தைப் பிரித்து, அது சிதைந்து உண்டாகும் இட்ரியம்-90 சேர்ந்து சமநிலைக்கு வரும் வரை இரண்டு வாரம் காத்திருந்து எண்ணுவது வழக்கமான முறை. சாம்பிள் கொடுத்த மூன்றாம் நாள் வரும் சர்டிபிகேட்டில் ‘ஸ்ட்ரான்சியம்-90: இல்லை’ என்று இருந்தால் யாரும் அதை அளக்கவில்லை. இந்த லேப் ‘எங்களிடம் வசதி இல்லை’ என்று முதலிலேயே சொல்லிவிட்டது. பார்ட்டி அதைக் கேட்டால் நவி மும்பை வாஷியில் அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனத்துக்குக் கதிரியக்கப் பகுப்பாய்வு லேப் உண்டு, ஏற்றுமதி உணவுக்குச் சான்றும் தருகிறது. அங்கே என்னென்ன அளக்கிறார்கள், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டு கப்பல் தேதியைப் போடுங்கள்.

அயோடின்-131-க்குத் தனிக் கட்டணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். சீசியம் பார்க்கும் அதே ஸ்பெக்ட்ரத்தில் 364-இல் அதுவும் தெரியும். லேபுக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை. அதன் அரை ஆயுள் 8 நாள். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். போன ஜூனில் அடைத்த டிரம்முக்கு இந்த ஜனவரியில் அதைத் தேடுவது ஃபாரத்தை நிரப்ப மட்டும்தான். இந்த லேப் நியூக்லைடு கணக்கில் பில் போடுகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. பேசினால் குறைக்கிறார்கள்.

சாம்பிள் எடுப்பதில் ஆலை செய்யும் தவறுகள் லேப் செய்வதைவிட அதிகம். 215 கிலோ அசெப்டிக் டிரம்மை டெஸ்ட்டுக்காகத் திறந்தால் அந்த டிரம் போச்சு. கூழ் அடைக்கும் நாளிலேயே லாட்டின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் சின்னப் பையில் சாம்பிள் பிடித்து வைக்க வேண்டும். மூன்றையும் லேபில் கலந்து ஒன்றாக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். டப்பாவில் அடைப்பவர்களுக்குச் சுலபம்: 3.1 கிலோ டப்பா ஒன்றைத் திறக்காமல் அப்படியே அனுப்பலாம். திறந்த கூழைச் சாதாரண பாட்டிலில் அனுப்பினால் வழியிலேயே நுரைத்துவிடும். லேபில் மூடி திறந்ததும் பொங்கி வழிந்தால் சாம்பிள் நிராகரிப்புதான். வாய் அகன்ற டப்பாவில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு, இரவு முழுக்க உறையவைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் காலையில் ஆள் கையில் கொடுத்தனுப்புவது கூரியரைவிட நல்லது. ஒரு லிட்டர் பீக்கர்தானே என்று ஒரு கிலோ மட்டும் அனுப்பாதீர்கள். கோடு வரை எட்டாமல் போனால் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுவார்கள், எம்.டி.ஏ. ஏறும். இரண்டு கிலோ கொடுங்கள். 28 பிரிக்ஸ் கான்சன்ட்ரேட் என்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். பொட்டாசியம்-40 இரட்டிப்பாகத் தெரியும், லேப்காரர் குழம்புவார்.

ஆன்லைனில் விற்கும் கையடக்க கெய்கர் மீட்டரை வாங்கி ஆலையிலேயே பார்த்துவிடலாம் என்ற யோசனையும் சுற்றுகிறது. வேண்டாம். சும்மா வைத்தாலே நிமிடத்துக்கு 25 கவுன்ட் அளவில் காட்டும். அதுவே ஐந்து முன்பின் ஆடும். கிலோவுக்கு 100 பெக்கரல் சீசியம் இருக்கும் கூழின் மேல் வைத்தால் கூடுவது ஒன்றிரண்டு கவுன்ட், ஆட்டத்துக்குள் அமுங்கிவிடும். அதே மீட்டரைச் சிவப்பு ரக கிரானைட் மேடை மேல் வைத்தால் ஏறும். மாங்கூழில் கதிர்வீச்சு என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களில் கிண்ணத்துக்கு அடியில் என்ன கல் இருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக சர்டிபிகேட். கன்டெய்னர் எண் அதில் சரக்கு ஏற்றும் ஸ்டஃபிங் நாளில்தான் தெரியும். சாம்பிள் அதற்கு முன்பே போயிருக்கும். லேப் அளந்தது லாட்டைத்தான், கன்டெய்னரை அல்ல. எனவே லாட் எண், தயாரித்த தேதி, டிரம் எண்ணிக்கை மூன்றும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்டோடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். அங்கீகாரத்தையும் பாருங்கள்: லேபுக்கு என்.ஏ.பி.எல். (தேசிய லேப் அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் உணவில் கதிரியக்க அளவீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் டெஸ்ட்டுக்கு வாங்கிய முத்திரையை இதிலும் குத்துகிறவர்கள் உண்டு. இவர்கள் பட்டியலை மறைக்காமல் அனுப்பினார்கள். இவர்களிடம் பெரிய குறை, டிராஃப்ட் காட்டாமல் நேராகக் கையெழுத்துப் பிரதி அனுப்புவது. அச்சுக்கு முன் டிராஃப்ட் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். தோத்தாபுரியை ஆங்கிலத்தில் லேப் ஒரு மாதிரி எழுதும், இன்வாய்ஸ் போடுபவர் ஒரு மாதிரி எழுதுவார், எல்.சி. எனும் பேங்க் கடன் உறுதிக் கடிதத்தில் மூன்றாவது மாதிரி இருக்கும். பேங்க்காரர் எழுத்தெழுத்தாகத்தான் படிப்பார்.